அப்பாவோட கிரியாட்டினின் எங்க இருக்கு?

அன்னைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு எண். அது மூணு இடத்துல இருந்துச்சு. கேட்டவர் முன்னாடி மட்டும் இல்லை.

அந்த ஆத்திரத்துலதான் எழுத உக்காந்திருக்கேன். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

அப்பா திருநெல்வேலியிலிருந்து எங்க வீட்டுக்கு வந்திருந்தார். வந்த இடத்துல வயித்து வலி. சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, "மருந்து ஏத்தி ஒரு சிடி ஸ்கேன் எடுத்துடலாம்"னு சொன்னார். ஸ்கேன் அறை வாசல்ல இருந்த தம்பி கேட்டார்: "ஐயாவுக்குக் கடைசியா கிரியாட்டினின் எவ்வளவு மேடம்?"

(தெரியாதவங்களுக்கு: நரம்புல ஏத்துற அந்த மருந்து சிறுநீரகம் வழியாத்தான் வெளியேறும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தா, ஏத்துறதுக்கு முன்னாடி டாக்டர் யோசிக்கணும். அதைக் காட்டிக் கொடுக்கிற ரத்த அளவுதான் கிரியாட்டினின். அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் ரெண்டும் பல வருஷமா இருக்கு. அதனால அந்தத் தம்பி கேட்டது ரொம்பச் சரியான கேள்வி.)

ஊர்ல ரத்தம் பாத்த லேப்காரங்க ரிப்போர்ட்டை அண்ணனோட வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்காங்க. அண்ணன் வண்டி ஓட்டிட்டிருக்கார், போன் எடுக்கலை. அதுக்கு முந்தின ரிப்போர்ட் வேற லேபோட ஆப்ல இருக்கு. உள்ள போகணும்னா ஓடிபி. அது போறது, அப்பா எப்பவோ விட்டுட்ட பழைய சிம்முக்கு. மூணாவது, போன வருஷம் அப்பா அட்மிட் ஆகியிருந்த ஆஸ்பத்திரி. போன் பண்ணிக் கேட்டா, "நேர்ல வந்தாத்தான் மேடம் தருவோம்".

கவனிச்சீங்களா? எதுவும் தொலையலை. எல்லா இடத்துலயும் கம்ப்யூட்டர் இருக்கு. ரசீது பிரிண்ட் ஆகுது, எஸ்எம்எஸ் வருது, வாசல்ல "முழுவதும் டிஜிட்டல்"னு பலகை கூட இருக்கு.

சரி, மறுபடி ரத்தம் எடுத்தாங்க. காத்திருந்தோம். 1.6-ன்னு வந்துச்சு.

இப்பத்தான் டாக்டர் கேட்டார் பாருங்க, அந்தக் கேள்வி. "1.6 சரி. இது புதுசா ஏறினதா, ரொம்ப நாளா இப்படித்தானா?"

அதுக்குப் புது ரத்தத்துல பதில் கிடையாது. பழைய எண்கள்லதான் இருக்கு. அண்ணன் ஒரு வழியா வண்டியை ஓரங்கட்டிட்டு பிடிஎஃப் ஒவ்வொண்ணா அனுப்பினார். டாக்டர் என் போனை வாங்கி, விரலால பெரிசு பண்ணிப் பண்ணித் தேடினார். ரெண்டு வருஷம் முன்னாடி 1.4. போன வருஷம் 1.5. "மெதுவாத்தான் ஏறிட்டு வருது, திடீர்னு வந்ததில்லை"ன்னு சொன்னப்பதான் அவர் முகம் தெளிஞ்சுது. ஸ்கேன் நல்லபடியா முடிஞ்சுது. அப்பா இப்ப நல்லா இருக்கார்.

ஆனா எனக்கு மனசு ஆறலை. அப்புறம் நிறையப் படிச்சேன், இந்தத் துறையில வேலை பாக்கிறவங்ககிட்ட பேசினேன், சித்திகிட்டயும் பேசினேன் (அவங்களைப் பத்தித் தனியாச் சொல்லணும்). எனக்குப் புரிஞ்சது இதுதான்: மருத்துவத் தகவல் ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர்றது பாதி வேலைதான். போய்ச் சேர்ந்தது, அங்க உக்காந்திருக்கிற டாக்டருக்கோ நர்ஸுக்கோ அந்த நேரத்துல உதவணும். நாம முதல் பாதியை முடிச்சுட்டுக் கை தட்டிக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

அப்பாவுக்கு ஆபா எண் எடுத்து வெச்சிருக்கேன். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க, 14 இலக்க மருத்துவ அடையாள எண். இந்தத் திட்டத்தை 2020 சுதந்திர தினத்தன்னைக்கு அறிவிச்சு, புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்கள்ல முதல்ல செஞ்சு பாத்து, 2021 செப்டம்பர் 27-ல நாடு முழுக்க ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்னு ஆரம்பிச்சாங்க.

அதோட அடிப்படை யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம ரிப்போர்ட் எல்லாத்தையும் டெல்லியில ஒரே கிடங்குல குவிக்கிறதில்லை. எந்த ஆஸ்பத்திரியில உருவாச்சோ அங்கயேதான் இருக்கும். வேற டாக்டருக்கு வேணும்னா நம்மகிட்ட அனுமதி கேப்பாங்க. எதுக்காக, எந்த வகை ரிப்போர்ட், எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும், எத்தனை நாளைக்குன்னு நாமதான் முடிவு பண்றோம். கொடுத்த அனுமதியைத் திரும்பவும் வாங்கிக்கலாம். இதை யோசிச்சவங்க நோயாளியை மனசுல வெச்சு யோசிச்சிருக்காங்க.

ஓபி சீட்டு வாங்குற இடத்துல க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணி டோக்கன் வாங்குற வசதியும் 2022-லேருந்து வந்துடுச்சு. வயசானவங்களோட ஆஸ்பத்திரி வரிசையில நின்னவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். பேரு, வயசு, விலாசம்னு ஒவ்வொரு தடவையும் கத்திச் சொல்ல வேண்டாம்.

இதுவரைக்கும் சந்தோஷம்தான். ரிப்போர்ட் வர்ற இடத்துலதான் சிக்கல்.

இதுக்கெல்லாம் பின்னாடி ஃபயர்னு ஒரு தகவல் தரம் இருக்கு. ஹெச்எல் 7-னு ஒரு அமைப்பு, 1987-லேருந்தே ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைப் பேச வைக்கப் பாடுபட்டுட்டிருக்கு. அங்க 2011 வாக்குல கிரஹாம் கிரீவ்-னு ஒரு ஆஸ்திரேலியர் முன்வெச்ச யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் ஃபயர். நோயாளியோட மொத்தக் கோப்பையும் மூட்டையா அனுப்பாம, சின்னச் சின்னத் துண்டாப் பிரிக்குது. நோயாளி ஒரு துண்டு. மாத்திரை ஒரு துண்டு. ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள்ள என்ன பரிசோதனை, என்ன எண், என்ன அலகு, யாருக்கு, எப்பன்னு தனித்தனியா இருக்கும். அப்படி வந்தா, அப்பாவோட 1.4, 1.5, 1.6 மூணையும் டாக்டரோட கம்ப்யூட்டர் தானாவே வரிசைப்படுத்தி ஒரு கோடு போட்டுக் காட்டிடும்.

ஆனா அதே ஃபயர் உறைக்குள்ள ஒரு பிடிஎஃப்பை அப்படியே வெச்சும் அனுப்பலாம். விதிப்படி அதுவும் செல்லும். சின்ன லேப், சின்ன கிளினிக் எல்லாம் உள்ள வரணும்னா அந்த வழி வேணும்தான், ஒத்துக்கிறேன். எதுவும் வராததுக்கு பிடிஎஃப் வர்றது மேல். ஆனா பெரிய பெரிய லேப்கள் கூட, உள்ள மெஷின்ல தனித்தனி எண்ணா இருக்கிறதை பிடிஎஃப்பா மாத்தி, அந்த பிடிஎஃப்பை உறையில போட்டு அனுப்பிட்டு "இணைச்சாச்சு"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? மெஷினுக்குத் தெரிஞ்ச எண்ணைப் படமா ஆக்கி, மறுமுனையில ஒரு மனுஷனைக் கண்ணை இடுக்கிப் படிக்க வைக்கிறோம்.

2023 ஜனவரியில, இப்படி டிஜிட்டல் பதிவுகளை இணைக்கிற ஆஸ்பத்திரிகளுக்கும் லேப்களுக்கும் மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பிச்சுது. நல்ல காரியம். ஆனா எண்ணிக்கையைப் பாத்துக் காசு கொடுத்தா எண்ணிக்கைதான் ஏறும். அமெரிக்காவுல இதைப் பாத்தாச்சு. 2009-ல ஹைடெக் சட்டம்னு கொண்டு வந்து, ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறக் கோடி கோடியாக் கொட்டினாங்க. கிட்டத்தட்ட எல்லாரும் மாறினாங்க. ஆனா ஒரு கம்பெனி மென்பொருள் இன்னொரு கம்பெனி மென்பொருளோட பேசலை. கடைசியில 2016-ல, தகவலைத் தடுத்து வெச்சுக்கிறதே தப்புன்னு சட்டத்துலயே எழுத வேண்டி வந்துச்சு. நாம அந்த ஏழு வருஷத்தைத் திரும்ப வீணாக்க வேண்டாமே. பயன்படுத்தற மாதிரி வந்த தகவலுக்குக் கூடுதலா, பிடிஎஃப்புக்குக் குறைச்சலாக் கொடுங்களேன்.

"யுபிஐ மாதிரி மருத்துவத்துக்கும் வந்துடும்"னு நிறையப் பேர் சொல்றாங்க. எனக்கு அந்த நம்பிக்கை பிடிச்சிருக்கு. ஆனா பணம் சுலபமான சரக்குங்க. தென்காசியில இருக்கிற நூறு ரூபாயும் டெல்லியில இருக்கிற நூறு ரூபாயும் ஒண்ணுதான்.

ரத்த அளவு அப்படியா?

கனடாவுல இருக்கிற எங்க அத்தை ஒரு நாள் போன்ல, "சுகர் ஏழு வந்திருக்கு, டாக்டர் முறைக்கிறார்"னு சொன்னாங்க. அப்பா பதறிட்டார், "ஏழா? மயக்கம் போட்டுடுமே!"ன்னு. அங்க அளக்கிற அலகு வேற. அவங்க 7, நம்ம 126. பதினெட்டால பெருக்கணும். கிரியாட்டினினும் அப்படித்தான், அப்பாவோட 1.6 வேற அலகுல 141 ஆயிடும். அலகு இல்லாம வெறும் எண் மட்டும் வந்தா ஆளையே சாய்ச்சிடும்.

அதுபோக, 126 வெறும் வயித்துலயா, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சா? வெறும் வயித்துல வந்தா அது சர்க்கரை நோய்க்கான எல்லைக்கோடு. சாப்பிட்ட பின்னாடி வந்தா நிம்மதியாத் தூங்கலாம். எண் ஒண்ணுதான், சேதி ரெண்டு.

இன்னும் ஒண்ணு. ஒரு லேப்ல "சீரம் கிரியாட்டினின்", இன்னொண்ணுல வெறும் "கிரியாட்டினின்", அடுத்ததுல சுருக்கி நாலு எழுத்து. மனுஷனுக்குப் புரிஞ்சிடும். கம்ப்யூட்டருக்கு மூணும் மூணு சோதனை. இதுக்காகத்தான் அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல இருக்கிற ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-ல லாயிங்க்-னு ஒரு குறியீட்டுப் பட்டியலை ஆரம்பிச்சுது. உலகத்துல எந்த லேப் எந்தப் பேர் வெச்சாலும், சோதனைக்கு ஒரே குறியீடு. யாரு வேணா இலவசமாப் பயன்படுத்தலாம். இந்தியா 2013-ல வெளியிட்டு 2016-ல திருத்தின மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்கள்லயும் இது இருக்கு. இருக்கு, ஆனா அப்பா கையில இருக்கிற ரிப்போர்ட் எதுலயும் நான் இதுவரைக்கும் பாக்கலை.

பேர் விவகாரம் இன்னொரு தலைவலி. அதுவும் நம்ம ஊர்க்காரங்களுக்கு.

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. இனிஷியல்தான். சுடலைமுத்து மகன் ஆறுமுகம்னா சு. ஆறுமுகம். ஒரு ஆஸ்பத்திரியில இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி. மூணாவதுல "கடைசிப் பேர்" கட்டாயம்னு மென்பொருள் அடம் பிடிக்கும், கவுண்டர்ல இருக்கிற பொண்ணு அவர் அப்பா பேரை அதுல போட்டுடும். அப்புறம் "சுடலைமுத்து யாரு?"ன்னு கூப்பிடுவாங்க, ஆறுமுகம் எழுந்திரிக்க மாட்டார். இங்கிலீஷ்ல எழுதறப்ப முத்துலட்சுமிக்கு எத்தனை எழுத்துக்கூட்டு! வயசு? "அறுபது இருக்கும்"னு சொன்னா ஜனவரி ஒண்ணாந்தேதி பிறந்தவர் ஆயிடுவார்.

இப்படி இருக்கிறப்ப, ரெண்டு ஆறுமுகம் ஒரே ஆளுன்னு ஒட்டிட்டா? ஒருத்தரோட பென்சிலின் ஒவ்வாமை இன்னொருத்தர் கணக்குல ஏறும். அது உயிர் விஷயம். அதனால பொதுவான ஒரு எண் அவசியம்னு நான் நினைக்கிறேன். (அமெரிக்காவுல 1996 சட்டத்துலயே நோயாளிக்கு ஒரு எண் கொடுக்கணும்னு இருந்துச்சு. அந்தரங்கம் போயிடும்ங்கிற பயத்துல, அதுக்கு அரசுப் பணத்தைச் செலவழிக்கக் கூடாதுன்னு நாடாளுமன்றம் தடை போட்டுடுச்சு. இன்னைக்கும் பேரையும் பிறந்த தேதியையும் வெச்சுப் பொருத்தித் திண்டாடுறாங்க.) பயம் நியாயமானதுதான், அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப சித்தி.

சித்தி தென்காசிப் பக்கம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவங்க. நான் அப்பா கதையைச் சொல்லி முடிச்சதும் அவங்க சொன்னது: "ஏட்டி, எங்க பிள்ளைத்தாச்சிகளுக்கு நாங்க இதைச் செஞ்சிட்டோம்லா."

அட, ஆமா!

யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல ஒரு பொண்ணு கர்ப்பமாகுறது புகுந்த வீட்டுல. மாசாமாசம் பாக்கிறது அந்த ஊர் செவிலியர். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு முடிஞ்சு தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பிரசவம் வேற ஊர், வேற ஆரம்ப சுகாதார நிலையம், சமயத்துல வேற மாவட்டம். எல்லாத்துலயும் ஆபத்தான அந்தக் கடைசி வாரங்கள்ல, அவளைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க கையிலதான் அவ இருக்கா. நோயாளித் தகவல் ஆளோட சேர்ந்து பயணம் போகணும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் உலகத்துல எங்கயாவது இருக்குமான்னு எனக்குத் தெரியலை. நம்ம வளைகாப்பே சொல்லிக் கொடுத்துடுது.

முன்னாடியெல்லாம் அட்டைதான். அட்டையை மாமியார் வீட்டுலயே மறந்துட்டு வந்தா, வாய்ச்சொல்தான். "சத்து கம்மின்னு சொன்னாங்க சிஸ்டர்." எவ்வளவு கம்மி? ஊசி போட்டாங்களா, எத்தனை? ரத்த வகை என்ன?

அப்புறம் பிக்மி வந்துச்சு. தமிழ்நாடு சுகாதாரத் துறையோட கர்ப்பிணிப் பதிவு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்கத்துல ஒரு ஆர்சிஹெச் எண். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பதிவு பண்ணியாகணும். குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேக்கிறாங்க. அதனால வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் அது அக்கறையான எண் ஆயிடுச்சு. (ஒரு தகவல் அமைப்பை ஜனங்க மதிக்கணும்னா, அது அவங்களுக்கு வேணுங்கிற ஒண்ணோட கட்டியிருக்கணும். யாரோ ரொம்ப யோசிச்சிருக்காங்க.)

சித்தி ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னாங்க. கோயம்புத்தூர் பக்கம் வாக்கப்பட்டவ, பிரசவத்துக்கு இவங்க ஊருக்கு வந்திருக்கா. கையில அட்டை இல்லை. எண்ணை மட்டும் போன்ல வெச்சிருந்தா. சித்தி அதைப் போட்டுப் பாத்தா, ரத்த வகை நெகட்டிவ். ஹீமோகுளோபின் முதல்ல 7.8, இரும்புச்சத்து ஊசி ஏத்தின பிறகு 9.6. முதல் பிரசவம் சிசேரியன். அந்தக் கணமே சித்திக்குத் தெரிஞ்சுபோச்சு, இவளை இங்க வெச்சுப் பாக்கக் கூடாதுன்னு. நேரா மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நெகட்டிவ் ரத்தத்துக்கும் சொல்லி வெச்சுட்டாங்க.

இதுல பிடிஎஃப் எங்க வந்துச்சு? எண், எண்ணாவே வந்துச்சு. வந்தது, அதை வெச்சு அன்னைக்கே முடிவெடுக்க வேண்டிய மனுஷி கைக்கு வந்துச்சு. எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.

ஆனா சித்தி இன்னொண்ணும் சொன்னாங்க. ஒரே பொண்ணோட ஒரே எடையை நோட்டுல ஒரு தடவை, ஒரு தளத்துல ஒரு தடவை, வேற திட்டத்துக்காக வேற ஒரு இடத்துல இன்னொரு தடவைன்னு எழுதணுமாம். பகல்ல வீடு வீடாப் போயிட்டு ராத்திரி உக்காந்து ஏத்தணும். "நாங்க ஏத்துறது எல்லாம் மேல மேல போயிடும். கீழ திரும்பி வந்தது இந்தக் கர்ப்பிணிப் பதிவு ஒண்ணுதான். அதனாலதான் அதைத் தப்பில்லாம ஏத்தினோம்"னாங்க.

இந்த ஒரு வாக்கியத்தை மென்பொருள் செய்றவங்க சுவத்துல எழுதி ஒட்டணும். தகவலைத் தட்டச்சு பண்றவங்களுக்கு அதுலேருந்து ஒரு பயனும் திரும்பலைன்னா, அவங்க எதையாவது போட்டு நிரப்பத்தான் செய்வாங்க. அது அவங்க குத்தமில்லை. அவங்க நேரத்தை மதிக்காதவங்க குத்தம். 2002-ல இங்கிலாந்துல, நாடு முழுக்க ஒரே மருத்துவத் தகவல் அமைப்புன்னு பல நூறு கோடி பவுண்டு கொட்டி ஆரம்பிச்சு, 2011-ல கலைச்சுட்டாங்க. டாக்டர்கள், நர்ஸுகளைக் கேக்காம மேலேருந்து திணிச்சதுதான் முக்கியக் காரணம்னு அப்பவே பேசினாங்க.

சரி, அந்தரங்கம் போயிடும்ங்கிற அந்தப் பயம்.

எல்லாத்தையும் இணைச்சா யார் யார் பாப்பாங்க? நம்ம ஊர்ல இது நிஜக் கவலை. மனநல டாக்டர்கிட்ட ஒரு தடவை போனது தெரிஞ்சா வரன் நின்னுபோகும். ஹெச்ஐவி பத்தி ஒரு வரி வெளிய வந்தா வீடு காலி பண்ணச் சொல்லுவாங்க. (ஹெச்ஐவி விவரத்தை ரகசியமா வெக்கணும்னு 2017-லயே சட்டம் இருக்கு.) 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்கள் மேல சைபர் தாக்குதல் நடந்து, நாள்கணக்கா எல்லாத்தையும் கையால எழுதினாங்க. 2023-ல வந்த தனிநபர் தரவுச் சட்டத்துல மருத்துவத் தகவலுக்குன்னு தனியா ஒரு கூடுதல் பாதுகாப்பு வகை இல்லை. எனக்கு அது பெரிய குறையாத் தெரியுது.

எஸ்டோனியாவைப் பாருங்க. மொத்தமே 13 லட்சம் ஜனம்தான், நம்மளோட ஒப்பிட முடியாது. ஆனா அங்க இருக்கிற ஒரு பழக்கத்தை அப்படியே எடுத்துக்கலாம். 2008-லேருந்து நாடு முழுக்க மருத்துவப் பதிவு நடக்குது. உங்க பதிவை எந்த டாக்டர், எப்பப் பாத்தார்னு நீங்களே உள்ள போய்ப் பாக்கலாம். சம்பந்தமில்லாத ஆள் பாத்திருந்தா கேள்வி கேக்கலாம். இங்கயும் அனுமதி கேக்கிறாங்க, ஆனா கூட்டத்துல நிக்கிற எழுபது வயசுக்காரர் ஓடிபியைப் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட போனோட நீட்டிடுவார். அதை அனுமதின்னு எப்படிச் சொல்றது? யாரு பாத்தாங்கன்னு பின்னாடி தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ் வரட்டும். வீட்டுல யாராவது படிச்சுச் சொல்லுவாங்க.

இதெல்லாம் சரியாகுற வரைக்கும் நான் செய்றதைச் சொல்லிடறேன். அப்பாவுக்கு ஒரே ஒரு பக்கம். மேல மாத்திரைகள், ஒவ்வாமை, ரத்த வகை. கீழ கட்டம் போட்டு கிரியாட்டினின், ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபின், பொட்டாசியம், தேதி வாரியா, அலகோட. முதல்ல எல்லா ரிப்போர்ட்டையும் ஸ்கேன் பண்ணிப் போன்ல அடுக்கிப் பாத்தேன், யாருக்கும் பொறுமை இல்லை. கம்ப்யூட்டர் அட்டவணையாப் போட்டேன், அப்பாவுக்குத் திறக்கத் தெரியலை. காகிதம்தான் நின்னுச்சு. டாக்டர் அரை நிமிஷத்துல படிச்சுடறார்.

அப்புறம் ஒரு விதி. எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நெறிமுறைப்படி, உள்நோயாளிப் பதிவுகளை டாக்டர் மூணு வருஷம் வெச்சிருக்கணும். நோயாளியோ அவர் சொல்ற ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். இதை எழுதி, அப்பா கையெழுத்தோட அனுப்பினேன். "நேர்ல வாங்க"ன்னு சொன்ன இடத்துலேருந்து ஈமெயில்லயே வந்துடுச்சு.

கடைசியா, இதைப் படிக்கிறவங்கள்ல லேப் மென்பொருள் எழுதுறவங்களும், லேப் நடத்துறவங்களும் கட்டாயம் இருப்பீங்க. உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஆயிரக்கணக்கான சோதனைக்கும் ஒரே நாள்ல லாயிங்க் குறியீடு போடச் சொல்லலை. மூணுல ஆரம்பிங்க. கிரியாட்டினினுக்கு 2160-0. ஹெச்பிஏ1சி-க்கு 4548-4. ஹீமோகுளோபினுக்கு 718-7. பிடிஎஃப் பாட்டுக்குப் போகட்டும், அதோட கூடவே இந்த மூணையும் அலகும் தேதியும் சேர்த்து எண்ணாவே அனுப்புங்க. சர்க்கரை, சிறுநீரகம், ரத்தசோகை, இந்த மூணுக்கும்தான் நம்ம ஜனங்க ஊர் ஊரா ரிப்போர்ட் தூக்கிட்டு அலையுறாங்க.